ரெண்டும் பெண் வீடு

தங்கராசு வெள்ளைத் துணியை ஒரு உதறு உதறிக் கழுத்தைச் சுற்றி முடிச்சுப் போட்டபோது, இன்றைக்கு என்ன கிழமை என்ற கேள்விதான் காளியண்ணனுக்கு முதலில் வந்தது. வியாழக்கிழமை. அவர் சவரத்துக்கு வருவது ஞாயிற்றுக்கிழமை. கரூருக்கு வந்து, பஸ் பாடி கட்டுகிற பட்டறையில் தகரம் தட்டுகிற டிங்கராகச் சேர்ந்த நாள் முதலாக, தங்கராசுவின் அப்பன் இங்கே கத்தி பிடித்த காலத்திலிருந்தே, ஞாயிறு தவறி இந்த நாற்காலியில் அவர் உட்கார்ந்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை கூட்டம் தாங்காது, அதனால் இன்றைக்கே போய்விட்டு வந்துவிடுகிறேன் என்று பெண்டாட்டி கண்ணாத்தாளிடம் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினார். அவள் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காத ஆளிடம் எதற்குக் காரணம் சொன்னோம் என்ற யோசனை மட்டும் படியிறங்கி, சாக்கடைப் பலகையைத் தாண்டி, சலூன் வரைக்கும் கூடவே நடந்து வந்து, இப்போது கண்ணாடிக்குள் அவருக்கு எதிரே உட்கார்ந்திருந்தது. நாளைக்கு வெள்ளிக்கிழமை. ஆறிலிருந்து ஏழரைக்குள் முகூர்த்தம். தங்கச்சி ருக்குமணியின் மகள் சிந்துஜாவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை என்று யாரும் இல்லை. அவள் கட்டிக்கொள்ளப் போவதும் ஒரு பெண்ணைத்தான், பட்டுக்கோட்டைப் பக்கத்துப் பெண், ஹேமலதா என்று பேர். மாப்பிள்ளை இல்லாவிட்டாலும் தாய்மாமன் உண்டு. கல்யாணப் பெண்ணைக் கையைப் பிடித்து மணவறைக்குக் கூட்டி வருகிறவன் தாய்மாமன். ருக்குமணிக்குக் கூடப் பிறந்தவர் அவர் ஒருத்தர்தான், ருக்குமணிக்கும் பிள்ளை என்று இருப்பது அந்த ஒரு பெண்தான், காளியண்ணனுக்கோ பிள்ளையே இல்லை. ஆக, அவர் ஆயுசில் பிடித்துக் கூட்டி வர இருப்பது ஒரே ஒரு கை. நாளைக்கு அவர் போகாவிட்டால் பெரியப்பன் மகன் வையாபுரி அந்தக் கையைப் பிடிப்பான். பிடித்துவிட்டால் முடிந்தது, சாகிற வரைக்கும் இன்னொரு முகூர்த்தம் கிடையாது. இவ்வளவும் தெரிந்துதான், போவதில்லை என்று ஆறு மாசத்துக்கு முன்னாலேயே அவர் முடிவு செய்திருந்தார். முடிவு செய்த ஆளுக்கு வியாழக்கிழமை எதற்குச் சவரம்?

தங்கராசு தெளித்த தண்ணீர் ஜில்லென்று காதோரமாக இறங்கிற்று. காது. எல்லாம் காதில் ஆரம்பித்தது. சிந்துஜாவுக்கு ஒரு வயசு முடிந்து, குலதெய்வக் கோயிலில் முடியிறக்கிக் காது குத்துகிறார்கள். பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டியவர் அவர். மடிக்கென்றே புது வேட்டி எடுத்திருந்தார். கண்ணாத்தாளுக்கு அப்போதே மூன்று முறை கலைந்து, இனிமேல் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்ட சமயம். தோட்டைச் சட்டைப் பையில் போட்டு, பையின் மேல் கையை வைத்தபடி பஸ்ஸில் உட்கார்ந்திருந்தார். ரயில்வே கேட் மூடிக் கிடந்தது. சரக்கு வண்டி ஒன்று வந்து, பாதி தாண்டி, அப்படியே நின்றுவிட்டது. அவர் இறங்கி, நின்ற வண்டியின் பெட்டிகளை எண்ணினார், நாற்பத்திரண்டு; ஏறி அந்தப்பக்கம் தாண்டிவிடலாமா என்று பார்த்தார், கண்ணாத்தாள் வேட்டியைப் பிடித்து இழுத்தாள். கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தபோது நேரம் தப்பிவிடும் என்று வையாபுரியை உட்கார வைத்துக் குத்தி முடித்திருந்தார்கள். பிள்ளை அவன் மடியில் வீறிட்டுக்கொண்டிருந்தது. இரண்டு காதிலும் சந்தனம். அந்தச் சந்தனத்தை இன்றைக்கும் அவரால் பார்க்க முடியும். இடது காதில் கொஞ்சம் வழிந்திருந்தது. அரை மணி நேரம். ஒரு தங்கச்சி அண்ணனுக்காக அரை மணி நேரம் காத்திருக்க மாட்டாளா? கேட் மூடினால் அண்ணன் என்ன செய்வான் என்று ஒரு நினைப்பு வராதா? அன்றைக்கு வந்த வழியே திரும்பியவர்தான், ருக்குமணி வீட்டில் அப்புறம் பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை. பெண் பெரியவளானபோதும் போகவில்லை. அதற்கும் வையாபுரிதான் நின்றான். ருக்குமணி புருசன் செத்தபோது மட்டும் போனார், பிறந்த வீட்டுக் கோடித் துணியை வேறு யாரும் வாங்கிக் கொடுத்துவிட முடியாதே. கோடியைப் போட்டார், வாசலோடு திரும்பினார். ருக்குமணி நிமிர்ந்து பார்த்தாள். அவர் அவளைப் பார்க்காமல் அவள் பின்னால் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார். கோபத்தை எப்படிப் பாதுகாப்பது என்று அவருக்குத் தெரியும். பட்டறைச் சாமான் மாதிரி துடைத்து, அதனதன் இடத்தில் மாட்டி வைத்திருப்பார். எதை எப்போது கேட்டாலும் இருட்டில்கூடக் கையை நீட்டி எடுத்துவிடுவார்.

சோப்பு நுரை கன்னத்தில் ஏறியது. பிரஷ் சுற்றிச் சுற்றி வந்தது. இதே மாதிரி ஒரு சத்தம் அன்றைக்குப் பட்டறையில் கேட்டுக்கொண்டிருந்தது, பெயிண்டர் தேய்ப்புத்தாள் போட்டு இழைத்துக்கொண்டிருந்தான். அவர் பஸ்ஸுக்கு அடியில் மல்லாந்து படுத்துத் தகரத்தைத் தட்டிக்கொண்டிருந்தார். தலைக்குப் பக்கத்தில் இரண்டு ஜோடிக் கால்கள் வந்து நின்றன. "மாமா, நான் சிந்து" என்றது ஒரு ஜோடி. அவர் வெளியே வரவில்லை. சுத்தியலை நிறுத்தவும் இல்லை, கொஞ்சம் மெதுவாகத் தட்டினார், அவ்வளவுதான். அந்தப் பெண் கால்களாகவே நின்று முழுவதையும் சொல்லிவிட்டாள். இவளும் நானும் கோயமுத்தூரில் ஆறு வருசமாக ஒன்றாக இருக்கிறோம் மாமா, அம்மாவுக்கு இப்போதுதான் மனசு வந்தது, சட்டப்படி பதிவு பண்ண இன்னும் வழியில்லை, ஆனாலும் சொந்தபந்தம் முன்னால் மாலை மாற்றிக்கொள்ள வேண்டும் என்று ஆசை, நீங்கள் வந்து நிற்க வேண்டும். பக்கத்துக் கால்கள் பேசவில்லை. அவற்றில் ஒரு செருப்பின் வாரை ஊக்கு போட்டு மாட்டியிருந்தது. கட்டிக்கொள்ளப் போகிறவளின் மாமனைப் பார்க்க வருகிறவள் ஊக்குப் போட்ட செருப்போடா வருவாள் என்று தோன்றியது. அப்புறம், வழியில் அறுந்திருக்கும், ஊக்கு கேட்டு வாங்கி மாட்டியிருப்பாள் என்றும் தோன்றியது. அவர், உன்னை மடியில் வைத்தவன் ஒருத்தன் இருக்கிறானே, அவனைப் போய்க் கூப்பிடு என்றார். ஆறு வருசம், ரெண்டு பெண்கள், மாலை, இதற்கெல்லாம் ஒரு வார்த்தை சொல்லாமல் அதைத்தான் சொன்னார். சிந்துஜா ஒரு காலை மாற்றி ஊன்றினாள். பிறகு, "எனக்கு அப்ப ஒரு வயசு மாமா" என்றாள். அதற்கு என்ன பதில் இருக்கிறது? ஆறு மாசமாகத் தேடிக்கொண்டிருக்கிறார். போகும்போது அந்த இன்னொருத்தி குனிந்து பஸ்ஸுக்கு அடியில் எட்டிப் பார்த்து வணக்கம் சொன்னாள். தலைகீழாக ஒரு முகம், தொங்குகிற பின்னல், மூக்கில் ஒரு சின்னக் கல். தலைகீழாகப் பார்த்த முகத்தை நேராக்க முடியவில்லை. எத்தனையோ தடவை முயன்றுவிட்டார், படுத்துக்கொண்டுகூடப் பார்த்துவிட்டார்.

அன்றைக்குச் சாயங்காலம் அவருக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோசம் வந்தது உண்மை. வரட்டும், ருக்குமணிக்கு ஊர் பதில் சொல்லட்டும் என்று நினைத்தார். இருபத்தெட்டு வருசமாகத் தன்னால் செய்ய முடியாததை ஊர் ஒரே நாளில் செய்துவிடும். டீக்கடை சிரிக்கும், பட்டறை சிரிக்கும், அவள் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அண்ணா என்று வந்து நிற்பாள். அவர் தினமும் டீக்கடையில் பெஞ்சு ஓரமாக உட்கார்ந்து காத்திருந்தார். சிரித்தார்கள், இல்லையென்று சொல்ல முடியாது. ஒருத்தன் வாய்க்கு வந்ததைப் பேசினான். காலம் கெட்டுப்போச்சு என்றார் ஒரு பெரியவர். ஆனால் அடுத்த நாளே, பேசினவனின் மச்சான் மகன் சென்னையில் அப்படித்தான் ஒருத்தனோடு இருக்கிறான் என்று இன்னொருத்தன் போட்டு உடைத்தான். டீ ஆற்றுகிறவன், தன் மகள் காலேஜில் இதைப் பற்றிப் பேச்சுப் போட்டி நடந்தது, என் மகள்தான் பிரைஸ் வாங்கினாள் என்றான். ஒவ்வொருத்தனுக்கும் எங்கேயோ யாரோ இருந்தார்கள். இத்தனை பேரும் இதுவரை எங்கே ஒளிந்திருந்தார்கள்? பதினோராம் நாள், தெருவில் குழாய் பதிக்கக் குழி தோண்டிப் போட்டுவிட்டார்கள், பேச்சு அந்தக் குழிக்குள் விழுந்தது. அப்புறம் எழுந்திருக்கவேயில்லை. முதலில் கேட்ட மண்டபத்தில் முடியாது என்றுவிட்டார்களாம். சரி, இங்கேயாவது ஒருத்தன் இருக்கிறான் என்று நிமிர்ந்தார். இரண்டாவது மண்டபத்துக்காரர், ஏசி ஹால் வேண்டுமா சாதா ஹால் போதுமா என்று மட்டும் கேட்டாராம். ருக்குமணியே முதலில் பத்து நாள் சோறு தின்னாமல் கிடந்து, மகளைக் கோயமுத்தூரில் ஒரு டாக்டரிடம் கூட்டிப் போயிருக்கிறாள். டாக்டர் மகளிடம் பேசிவிட்டு, இந்தப் பெண்ணுக்கு ஒரு வியாதியும் இல்லை, உங்களுக்குத்தான் பிரஷர் இருக்கிறது என்று சொல்லி ருக்குமணிக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தாராம். அந்த மாத்திரையைத்தான் அவள் இன்னும் விழுங்கிக்கொண்டிருக்கிறாள். இதையெல்லாம் கண்ணாத்தாள் சோறு போடும்போது யாரிடமோ சொல்வதுபோலச் சொல்லுவாள். அவரும் கேட்காத மாதிரி கேட்பார்.

தங்கராசு கத்தியைத் தீட்ட நகர்ந்தபோது கண்ணாடியின் ஓரம் தெரிந்தது. சட்டத்தில் ஒரு கல்யாணப் பத்திரிகை செருகியிருந்தது. மஞ்சள் தடவிய பத்திரிகை. காளியண்ணன் படித்தது அஞ்சாங்கிளாஸ். எழுத்துக் கூட்டிப் படிப்பார், ஆனால் தன் பேரை எந்தக் கூட்டத்திலும் ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிடுவார். 'தாய்மாமன்: திரு. ப. காளியண்ணன் - திருமதி. கண்ணாத்தாள்'. தடித்த எழுத்து. வையாபுரி பேர் கீழே சின்ன எழுத்துக் கூட்டத்தில் எங்கேயோ கிடந்தது. யாரைக் கேட்டுப் போட்டார்கள்? இது எப்போது இங்கே வந்தது? தங்கராசு ரொம்ப இயல்பாக, போன வாரம் அக்காதான் வந்து குங்குமம் கொடுத்துக் கூப்பிட்டுவிட்டுப் போனது என்றான். எந்த அக்கா? உங்க வீட்டு அக்காதானுங்க. புருசன் இல்லாத ருக்குமணி குங்குமச் சிமிழைத் தொட மாட்டாள், கூட ஒரு சுமங்கலி வேண்டும். அது அவர் பெண்டாட்டி. தெருத் தெருவாகப் போய், வீடு வீடாகக் குங்குமம் கொடுத்து, எங்க நாத்தனா மகளுக்குக் கல்யாணம், குடும்பத்தோட வரோணும் என்று கூப்பிட்டிருக்கிறாள். ரேசனுக்குப் போகிறேன் என்று சொன்ன நாளெல்லாம் அதுதான் நடந்திருக்கிறது. ஒரு மாசத்தில் எத்தனை தடவை ரேசன் போடுவான் என்று ஒரு நாளும் தனக்குக் கேட்கத் தோன்றவில்லையே. கோபம் வந்திருக்க வேண்டும். கையை நீட்டினார், அது மாட்டின இடத்தில் இல்லை. ஊருக்கே தெரியும், காளியண்ணன் சம்மதித்துவிட்டார் என்று. அவருக்கு மட்டும்தான் தெரியவில்லை. பட்டறையில் முதலாளி நேற்று, வெள்ளிக்கிழமை லீவுதானே என்று கேட்டது இதனால்தான். பக்கத்து வீட்டுக்காரன் வேட்டியை இஸ்திரிக்குக் கொடுத்தாச்சா என்று கேட்டதும் இதனால்தான். அவரைக் கணக்கில் சேர்த்துவிட்டார்கள். ஒத்துக்கொண்டவர்கள் கூட்டத்தில் அவரையும் ஒரு ஆளாக நிறுத்திவிட்டு ஊர் மேலே போய்விட்டது.

பெஞ்சில் உட்கார்ந்திருந்த வேன் டிரைவர் செல்வராசு பேப்பரை மடித்து வைத்தான். அவனுக்கு வெகுநேரமாகவே நாக்கு அரித்திருக்க வேண்டும். "ஏனுங் மாமா, பத்திரிகைல ரெண்டு பக்கமும் பொண்ணு வூடுன்னே போட்டிருக்குது. சாம்பார்ல உப்பில்லைன்னு எந்திரிச்சுப் போறதுக்கு மாப்பிள்ளை வூட்டுக்காரன் ஒருத்தனாவது வேண்டாமுங்களா?" தங்கராசு கத்தியைத் துடைத்துக்கொண்டே, "அதுக்குத்தான தாய்மாமன் இருக்கறாரு" என்றான். இரண்டு பேரும் சிரித்தார்கள். காளியண்ணன் சிரிக்கவில்லை, கத்தி தாடையில் இருக்கும்போது சிரிக்கக் கூடாது. ஆனால் கேள்வி உள்ளே போய்விட்டது. அவருக்கும் அதே மாதிரிக் கேள்விகள் உண்டு, ஆறு மாசமாக, யாரிடமும் கேட்காமல் வைத்திருக்கிறார். மணவறையில் வலது பக்கம் யார், இடது பக்கம் யார்? தாலி உண்டா? உண்டென்றால் யார் யாருக்கு முதலில் கட்டுவது? இரண்டு பேருக்கும் தாய்மாமன் இருப்பானே, இரண்டு மாமன்களும் இரண்டு பக்கத்திலிருந்து கையைப் பிடித்துக் கூட்டி வந்தால், யார் முன்னால் வருவது, யார் நிற்பது? ஆடி மாசம் புதுப்பெண்ணை அம்மா வீட்டுக்குக் கூட்டிப் போவார்களே. இரண்டு பேரையும் அவரவர் அம்மா கூட்டிப் போய்விட்டால் கோயமுத்தூர் வீட்டைப் பூட்டிவிட வேண்டியதுதானா? அந்தப் பட்டுக்கோட்டைப் பெண் தன்னை என்ன முறை வைத்துக் கூப்பிடும்? இதில் மட்டும் சிக்கல் இல்லை. சிந்துஜாவைக் கட்டுகிறவர் யாராக இருந்தாலும் காளியண்ணன் அவருக்கு மாமாதான். இதை ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது தானாகவே கண்டுபிடித்தார். கண்டுபிடித்ததும் சோற்றில் கை அப்படியே நின்றது. கண்ணாத்தாள் என்ன கல்லா என்று கேட்டாள். அந்த ரெண்டு பெண்களுக்கும் சண்டை வந்தால் யார் பக்கம் யார் பேசுவது? அவருக்கும் கண்ணாத்தாளுக்கும் சண்டை வந்தபோது யார் பேசினார்கள்? கல்யாணமாகி மூன்று மாசம் அவள் அவரிடம் வாய் திறந்து பேசவில்லை. சோறு வைப்பாள், போய்விடுவாள். வெட்கம் என்று நினைத்துக்கொண்டார். இவளுக்குப் பிடித்திருக்கிறதா என்று அவரும் கேட்கவில்லை, அவர் அம்மாவும் கேட்கவில்லை, அவள் அப்பனும் கேட்டிருக்க மாட்டான். நாற்பத்து மூன்று வருசம். இப்போது கேட்டால் என்ன சொல்லுவாள்? பிடிக்கவில்லை என்றுவிட்டால்? கத்தி குரல்வளைக்கு இறங்கியது. அவர் மூச்சை அடக்கினார். அந்த ஊக்குப் போட்ட செருப்புக்காரி வெயிலில் கோயமுத்தூரிலிருந்து வந்து, ஒரு பஸ்ஸுக்கு அடியில் குனிந்து வணக்கம் சொன்னாளே, அது பிடித்ததனால்தானே. யாரும் அனுப்பி வரவில்லையே.

ஒரு பக்கம் முடிந்து முகத்தைத் திருப்பினான் தங்கராசு. திருப்பினதும் வாசல் தெரிந்தது, வாசலில் சென்னியப்பன் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். சென்னியப்பன் மில்லில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். எட்டு வருசத்துக்கு முன்னால் கோயில் கும்பாபிசேகச் சாப்பாட்டில், இலை போட்டுத் தண்ணீர் தெளித்த பிறகு, இந்த வரிசை வேறு ஆட்களுக்கு என்று சொல்லி காளியண்ணனை எழுப்பிவிட்டவர். அதுவும் துடைத்து மாட்டி வைத்த சாமான்தான். சென்னியப்பன் பெஞ்சின் இந்தக் கோடியில் உட்கார்ந்தார். செல்வராசுவுக்குப் போன் வந்தது, ஸ்கூல் சவாரி என்று அவன் எழுந்து போனான். தங்கராசு கத்தியை மேலே கொண்டுவந்தான். காளியண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். மூடின கண்ணுக்குள் பெயிண்டர் ஆறுமுகமும் டிங்கர் லூர்துவும் வந்தார்கள். ஏன் வந்தார்கள் என்று தெரியவில்லை, இருபது வருசமாக நினைத்ததில்லை. பட்டறையில் அவர்கள் இரண்டு பேரும் ஒரே ரூம், சோற்றுக்கு ஒரே தூக்குப்போசி, ஒரே சைக்கிள். ஏன்டா இன்னும் கல்யாணம் பண்ணலை என்று யாரும் கேட்க மாட்டார்கள். கேட்காமல் இருப்பதே ஒரு வழக்கமாகிவிட்டது. லூர்து செத்தபோது அண்ணன்மார்கள் வேன் கொண்டுவந்து பொணத்தை ஊருக்கு எடுத்துப் போனார்கள். ஆறுமுகம் வேனில் ஏறப் போனான். நீ யாருப்பா என்று கேட்டார்கள். ரூமில் கூட இருக்கிறவன் என்றான். இடமில்லை என்றார்கள். அவன் டவுன் பஸ் பிடித்துப் பின்னால் போனான். பட்டறையில் பதினைந்து பேர் நின்று பார்த்தார்கள், அவரும் நின்றார். எல்லாருக்கும் தெரியும். அவன் யார் என்று எடுத்துச் சொல்ல ஒருத்தன் வாயிலும் வார்த்தை இல்லை. வார்த்தை இல்லையா, வாய் இல்லையா? ஆறுமுகம் அப்புறம் பட்டறைக்கு வரவில்லை. எங்கே போனான் என்று யாராவது விசாரித்தார்களா? தான் விசாரித்தோமா? தன் அரை மணி நேரத்தை இருபத்தெட்டு வருசம் தூக்கிச் சுமந்தவன், அவனுடைய அந்த டவுன் பஸ்ஸை அன்றைக்கே இறக்கி வைத்துவிட்டோமே.

சுடுதண்ணீர் தீர்ந்துவிட்டது. டீக்கடையில் வாங்கி வந்துவிடுகிறேன், சித்த இருங்க என்று கிண்ணத்தோடு தங்கராசு வெளியே போனான். ஒரு கன்னம் மழமழவென்று, ஒரு கன்னம் நுரையோடு காளியண்ணன் உட்கார்ந்திருந்தார். கண்ணாடியில் அவர் முகத்துக்குப் பின்னால் சென்னியப்பன் முகம். இரண்டு பேரும் நேராகப் பார்க்கவில்லை, கண்ணாடியில்தான் பார்த்துக்கொண்டார்கள். "ஏனுங்க, ஒண்ணு கேக்கட்டுங்களா?" என்றார் சென்னியப்பன். குரல் இறங்கியிருந்தது. "உங்க வூட்ல எப்படிங்க மனசு ஒத்துச்சு?" குத்திக் காட்டுகிறார் என்றுதான் முதலில் தோன்றியது, பதிலுக்கு ஒன்று நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் அந்த ஆளின் கட்டைவிரல், அணைந்து கிடந்த போனின் கண்ணாடியைத் தேய்த்துக்கொண்டே இருந்தது. குத்திக் காட்டுகிறவன் கை அப்படி இருக்காது. நான் ஒத்துக்கொள்ளவே இல்லை, பேரை அவர்களாகப் போட்டுவிட்டார்கள் என்று உள்ளதைச் சொல்லிவிடலாம். சொன்னார். பாதி சொல்லும்போதே சென்னியப்பனின் முகம் விழுந்தது, கண் முன்னாலேயே பஸ் கிளம்பிப் போவதைப் பார்க்கிற முகம் மாதிரி. பிறகு சென்னியப்பன் தன் பாட்டுக்குச் சொல்ல ஆரம்பித்தார். மகன் கோகுல் பெங்களூரில் கம்பெனி வேலை. நாலு வருசமாக இன்னொரு பையனோடு ஒரே வீடு. மகன் சொன்ன அன்றைக்கு இவர், அந்தப் பையன் கால் இந்த வாசலை மிதிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். போன பொங்கலுக்கு மகன் மட்டும் மூன்று நாள் வந்துவிட்டுப் போனான். அவன் போன பிறகுதான் தெரிந்தது, அந்தப் பையனும் கூட வந்திருக்கிறான், மூன்று நாளும் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் லாட்ஜில் இருந்திருக்கிறான். "நம்ம ஊருக்கு வந்த புள்ளை அது. பொங்கலன்னிக்கு ஓட்டல்ல தின்னுட்டுக் கெடந்திருக்கறான்" என்றார் சென்னியப்பன். செருமிக்கொண்டு, நாளைக்கு ஒரு தடவை கண்ணால் பார்த்தால் தேவலை என்றிருக்கிறது என்றார். யார் எங்கே உட்காருகிறார்கள், எப்படி மாலை மாற்றுகிறார்கள், சனம் எந்த மூஞ்சியோடு நிற்கிறது, பெற்றவர்கள் எங்கே பார்க்கிறார்கள். பார்த்துவிட்டால் தனக்கும் பழகிவிடுமோ என்னவோ. ஆனால் எங்களை யாரும் கூப்பிடவில்லை. உங்க வீட்டுக்காரம்மா எங்கள் வாசலைத் தாண்டித்தான் போனது, உள்ளே வரவில்லை. கூப்பிடாத கல்யாணத்துக்கு எப்படிங்க போவது?

காளியண்ணனுக்குக் காரணம் தெரியும். இலையிலிருந்து எழுப்பிவிட்ட ஆளின் வீட்டுப் படியைக் கண்ணாத்தாள் மிதிக்க மாட்டாள். அவர் கோபத்தை மதித்து அந்த ஒரு வீட்டை விட்டிருக்கிறாள். இந்த ஊரில் அவருடைய கோபத்துக்குக் கிடைத்த மரியாதை அது ஒன்றுதான். அதை நினைத்துப் பெருமைப்படலாம் என்று பார்த்தார், முடியவில்லை. லாட்ஜ் ரூமில் ஒரு பையன் தெரிந்தான், ஜன்னல் வழியாகத் தெருவில் யார் வீட்டுப் பொங்கலையோ பார்த்துக்கொண்டு. இந்த ஆள் கேட்கிற கேள்வியெல்லாம் தன் கேள்வி. வலது யார், இடது யார், சனம் எப்படி நிற்கும். இரண்டு கிழவர்கள் ஒரே கேள்வியை வைத்துக்கொண்டு ஒரே கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம், போய்ப் பார்க்க இரண்டு பேருக்கும் வழியில்லை. இல்லை, ஒருத்தனுக்கு வழி உண்டு. கல்யாணத்துக்குக் கூப்பிட இரண்டு பேருக்குத்தான் உரிமை. பெற்றவள் கூப்பிடலாம். இல்லாவிட்டால் தாய்மாமன் கூப்பிடலாம். போகப்போகிற மாமன்தான் கூப்பிட முடியும், போகாதவன் கூப்பிட முடியாது. கூப்பிட்டவன் காலையில் ஆறு மணிக்கு மண்டபத்து வாசலில் சந்தனக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் நின்று கூப்பிட்டவர்களை வாங்க என்று சொல்ல வேண்டும். இதை அவர் யோசித்து முடிக்கவில்லை, அதற்குள் எழுந்துவிட்டிருந்தார். உட்கார்ந்துகொண்டு கல்யாணத்துக்குக் கூப்பிடக் கூடாது. கழுத்துத் துணிக்குள் கைகள் சிக்கிக்கொண்டன, துணி கூடாரம் மாதிரி தூக்கிக்கொண்டு நின்றது. ஒவ்வொரு கையாக வெளியே எடுத்தார். நுரை மோவாயிலிருந்து துணியில் சொட்டியது. இப்போது கண்ணாடியை விட்டுவிட்டு சென்னியப்பனை நேராகப் பார்த்தார். ரொம்பக் கிழடாகத்தான் போயிருந்தார் மனுசன். "சிந்துஜாவுக்குத் தாய்மாமன் கூப்பிடறனுங்க" என்று இரண்டு கையையும் கூப்பினார். "நாளைக்குக் காலைல குடும்பத்தோட வந்துரோணும்."

சென்னியப்பனும் எழுந்தார். கூப்பிடும்போது உட்கார்ந்திருக்கக் கூடாது என்பது அவருக்கும் தெரியும். வருகிறேன் என்று சொல்ல வாயெடுத்தவர் நடுவில் நின்றார். "குடும்பத்தோடன்னா..." என்றார். முடிக்கவில்லை. காளியண்ணனுக்குப் புரிய ஒரு நிமிசம் ஆயிற்று. பெங்களூரிலிருந்து கரூருக்கு எத்தனை மணி நேரம் என்று மனசு கணக்குப் போட்டது, ராத்திரி ஏறினால் விடிவதற்குள் வந்துவிடலாம். "அவங்க ரெண்டு பேரும் இல்லாத என்னங்க குடும்பம்" என்றார். தன் வாயிலிருந்து வந்ததா என்று அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. சென்னியப்பன் தலையை ஆட்டினார், செருப்பைப் போடாமலே படியிறங்கி வெயிலில் போய் நின்றார், போனைக் காதில் வைத்தார். தங்கராசு சுடுதண்ணீரோடு உள்ளே வந்து, பாதி நுரையோடு நின்றுகொண்டிருந்தவரைப் பார்த்து, என்னங்க ஆச்சு என்றான். ஒன்றுமில்லை என்று கையைக் காட்டினார். சென்னியப்பன் முதலில் என்ன பேசுவார்? நாலு வருசத்துக்கு அப்புறம் இப்படி ஒரு போனை எந்த வார்த்தையில் தொடங்குவது? மகன் பேரைச் சொல்லியா? மன்னிப்பா? கல்யாண விசயமா? அதைத் தெரிந்துகொள்ளாமல் உட்காரக் காளியண்ணனால் முடியவில்லை. தலைக்கு மேலே ஃபேன் கடகடவென்று ஓடியது. சித்த அதை நிறுத்துடா என்றார். தங்கராசு சுவிட்சைத் தட்டினான். இறக்கைகள் மெதுவாகி மெதுவாகி நின்றன. சென்னியப்பன் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார், ஒரு கை இடுப்பில், தலை குனிந்து, அந்தப் பக்கம் மணி அடித்துக்கொண்டிருக்க வேண்டும். பிறகு முதுகு லேசாக நிமிர்ந்தது.

"கோகுலு, அப்பா பேசறன்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "சாப்பிட்டீங்களா, ரெண்டு பேரும்?"